ஷென்சென் சரக்கு விமான வேலை: குடும்பத்தை இப்போதே கூப்பிடலாமா?

திருச்சிக்காரன்:
வணக்கம். ஷென்சென்னில் இருந்து எழுதுகிறேன். ஒரு சீன சரக்கு விமானக் கம்பெனியில் விமானி வேலைக்காக வந்திருக்கிறேன். குவாங்சோவில் மெடிக்கல் முடிந்து 9 நாள் ஆகிறது. வயிற்று ஸ்கேனில் ஏதோ இருக்கிறதாம், பேப்பர் முழுக்க சீன மொழி. ஏஜென்சிக்காரர் "பொறுங்க, ரெண்டு வாரத்தில் மறுபடி பார்ப்பாங்க" என்கிறார். ஊரில் ராஜினாமா கொடுத்தாயிற்று. மனைவி பையனுக்கு டி.சி. வாங்க நாளை மறுநாள் பள்ளிக்குப் போகிறாள். வீட்டு ஓனரிடமும் சொல்லிவிட்டோம். அவர்களை இப்போதே கூப்பிடலாமா, ரெசல்ட் வந்த பிறகா? இங்கே பையனுக்கு ஏற்ற பள்ளிக்கூடம் கிடைக்குமா? சீக்கிரம் சொல்லுங்கள், மூன்று நாளாகத் தூக்கமே இல்லை.

குவாங்சோ மாமி:
பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கவலைப்படாதீங்க. இன்டர்நேஷனல் பள்ளிகள் இருக்கின்றன, ஃபீஸ்தான் தலையைச் சுற்றும். வரும்போது கட்டுப்பெருங்காயம், புளி, இட்லி அரிசி கொண்டுவாருங்கள். நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் மாவு புளிக்கவே இல்லை. ஹீட்டர் பக்கத்தில் பாத்திரத்தை வைத்துக் கம்பளி போர்த்தி, இரண்டு நாள் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டேன். கறிவேப்பிலை கிடைக்காமல் அழுதது தனிக் கதை. உங்கள் மனைவியை எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

ரன்வே ரவி:
அண்ணா, வாழ்த்துக்கள்! எஃப்.ஓ. (துணை விமானி) எடுக்கிறார்களா? எனக்கு 1,100 மணி நேரம் பறந்த அனுபவம் இருக்கிறது. சம்பளம் டாலரிலா யுவானிலா?

ஜொகூர் மணி:
தம்பி ரவி, வெளிநாட்டுக்காரரை அவர்கள் எடுப்பது பெரும்பாலும் கேப்டனாகத்தான். துணை விமானி அவர்களிடமே நிறைய பேர். மாதம் 20,000 டாலருக்கு மேல், வரியும் நாங்களே கட்டுகிறோம் என்று விளம்பரம் வந்த காலம் ஒன்று இருந்தது. அது மலையேறிவிட்டது.

திருச்சிக்காரருக்கு: நான் அங்கே 747 ஓட்டினேன். முதல் மூன்று மாதம் எனக்கு நரகம். சரக்குக் கம்பெனி என்றால் இரவு வாழ்க்கை. நள்ளிரவை ஒட்டி விமானங்கள் எல்லாம் மையத்துக்கு வந்து சேரும், பார்சலைப் பிரித்து மாற்றி ஏற்றுவார்கள், விடிவதற்குள் திரும்பக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் கடிகாரம் சொல்வதை உடம்பு கேட்காது.

அப்புறம் மீட்டர். சீன வான்வெளியில் உயரம் மீட்டரில்தான். முதல் ராத்திரி கன்ட்ரோலர் "10,400 மீட்டர்" என்றார். விமானத்தில் செட் செய்வது அடியில். அட்டவணையில் பார்த்தால் 34,100. நாம் பழகியது 33,000, 34,000, 35,000. அதென்ன நூறு என்று என் கை குமிழ் மேலேயே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த சீனப் பையன் ஒன்றும் பேசாமல், லேமினேட் செய்த அட்டையை என் பக்கம் திருப்பி அந்த வரிசையில் நகத்தை வைத்தான். அவன் நகம் பட்டு அந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. எனக்கு முன்னால் எத்தனை பேருக்குக் காட்டினானோ! 2007 நவம்பரில் இருந்தே அங்கே இந்த முறைதான்: 9,800 என்றால் 32,100, 10,100 என்றால் 33,100. இதை இப்போதே மனப்பாடம் செய்யுங்கள்.

யாழ் வானோடி:
மணி அண்ணை சொல்வது சரி, ஆனால் எனக்கு மீட்டர் ஒரு கிழமையில் பழகிவிட்டது. மற்ற விமானங்களோடு கன்ட்ரோலர் சீன மொழியில் கதைப்பதுதான் கஷ்டம். முன்னால் போகிறவன் எந்த உயரத்தில் நிற்கிறான், ஏன் திரும்புகிறான், ஒன்றும் விளங்காது. பாதிக் காது இல்லாமல் பறக்கிற மாதிரி.

ஜொகூர் மணி:
அதை விடுங்கள், ரெக்கார்டர் கதை? ஒவ்வொரு பறப்பின் தரவையும் எடுத்துப் படிப்பார்கள். கொஞ்சம் அழுத்தித் தரையிறங்கினால், வேகம் கொஞ்சம் கூடினால், அடுத்த நாள் செய்தி வரும். சம்பளத்தில் பிடித்ததும் உண்டு. வேலைக்குக் கையெழுத்துப் போடும் முன், மது குடிக்கவில்லை என்று குழாயில் ஊதிக் காட்ட வேண்டும். மௌத்வாஷ் கொப்பளித்துவிட்டுப் போன ஒருவர் அரைமணி நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குவாங்சோ மாமி:
வாட்ஸ்அப் கிடையாது, கூகுள் கிடையாது, பால் வாங்கவும் போனை நீட்ட வேண்டும். என் மாமியார் வந்தபோது கையில் நோட்டை வைத்துக்கொண்டு காய்கறிக் கடையில் நின்றது கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

ரன்வே ரவி:
ஆனாலும் நம்ம ஊரில் வேலை கிடைக்காமல் இருப்பதை விடப் பரவாயில்லைதானே? எனக்கு டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட வகை விமானம் ஓட்டும் தகுதி) வாங்கிய கடனே இன்னும் முடியவில்லை.

ஜொகூர் மணி:
கம்பெனியே இல்லாமல் போகலாம் தம்பி. ஷென்சென்னில் ஜேட் கார்கோ என்று இருந்தது. ஷென்சென் ஏர்லைன்சும் லுஃப்தான்சா கார்கோவும் பங்குதாரர்கள், 2006-இல் பறக்கத் தொடங்கி, 2011 கடைசியில் நின்றுவிட்டது. நிறுத்தி வைத்திருந்த 747-களில் இரண்டை 2017-இல் தாவ்பாவ் இணையதளத்தில் ஏலம் விட்டார்கள். சட்டை, செருப்பு விற்கிற அதே தாவ்பாவ்! எஸ்எஃப் ஏர்லைன்ஸ் என்ற சரக்கு விமானக் கம்பெனி சுமார் 32 கோடி யுவானுக்கு எடுத்தது. பெரிய பெயர் பின்னால் இருக்கிறது என்று நம்பி உட்காரக் கூடாது.

காற்றுக்குதிரை:
எல்லோரும் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். நான் இப்போது அங்கேதான் 767 ஓட்டுகிறேன். அவர் கேட்டது ஒன்று, நாம் பேசுவது வேறு. ஆனால் கேட்கிற விஷயத்தை அவரும் முழுசாகச் சொல்லவில்லை. திருச்சிக்காரன், கதை வேண்டாம், இதற்குப் பதில் மட்டும் சொல்லுங்கள். எந்த விசாவில் வந்தீர்கள்? விசாத்தாளில் என்ன எழுத்து இருக்கிறது, எத்தனை நாள் தங்கலாம், எத்தனை முறை நுழையலாம்? என்றைக்கு உள்ளே வந்தீர்கள்? கையெழுத்துப் போட்டது கம்பெனியுடனா, ஏஜென்சியுடனா? எந்த விமானம்? இப்போது எங்கே தங்குகிறீர்கள்? ராஜினாமா என்கிறீர்களே, கடைசி வேலை நாள் முடிந்துவிட்டதா?

யாழ் வானோடி:
விசா நாள் முடியப் போகுது என்றால் பயப்பட வேண்டாம். ஹாங்காங் பக்கத்தில்தானே. பாலம் கடந்துபோய் ஒரு நாள் நின்று திரும்பி வரலாம். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தோம்.

காற்றுக்குதிரை:
அண்ணை, அவர் விசா ஒற்றை நுழைவாக இருந்தால் வெளியே போனதும் செத்துவிடும், திரும்பி வர முடியாது. உங்களிடம் பல நுழைவு விசா இருந்திருக்கும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஹாங்காங் போகவும் இணையத்தில் முன்பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும், 2017-இல் இருந்தே. தயவுசெய்து இந்த யோசனையைச் சொல்லாதீர்கள்.

யாழ் வானோடி:
சரி சரி. என்னுடையது வேறு பாஸ்போர்ட்.

திருச்சிக்காரன்:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். 737 கேப்டன். விசா எம் என்று இருக்கிறது, ஒரு முறை நுழைவு, 30 நாள். வந்து 24 நாள் ஆகிறது. முதலில் சிமுலேட்டர் சோதனை, அதில் பாஸ். கையெழுத்துப் போட்டது ஏஜென்சி கொடுத்த தாளில். கம்பெனி ஒப்பந்தம் "மெடிக்கலுக்குப் பிறகு" என்றார்கள். ஹோட்டல் செலவு தாங்காமல் 5 நாளாக ஒரு நண்பரின் ஃப்ளாட்டில் இருக்கிறேன். ராஜினாமா கடிதம் கொடுத்து இரண்டு மாதம். இப்போது 4 வார லீவில் வந்திருக்கிறேன். ஸ்கேன் பேப்பரைப் போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். வலது சிறுநீரகத்தில் 4 மில்லிமீட்டர் கல் என்று வருகிறது.

ஜொகூர் மணி:
கல்லுதானா! நான் புற்றுநோயோ என்னவோ என்று பயந்துவிட்டேன்.

குவாங்சோ மாமி:
வாழைத்தண்டு சாறு, தினமும் வெறும் வயிற்றில். என் தம்பிக்கு ஒரே மாதத்தில் கரைந்தது. முள்ளங்கியும் நல்லது. இங்கே முள்ளங்கி எங்கும் கிடைக்கும்.

ரன்வே ரவி:
பீர் குடித்தால் கல் வெளியே வரும் என்பார்களே?

யாழ் வானோடி:
ரவி, ஊதிக் காட்டுகிற வேலைக்குப் போகிறவருக்குச் சொல்கிற யோசனையா இது?

காற்றுக்குதிரை:
வாழைத்தண்டை ஊருக்குப் போய்க் குடியுங்கள். இப்போது நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கோபப்பட வேண்டாம். உங்களுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. எம் விசா வணிக விசா, தேர்வுக்கு வந்து போவதற்கு. சிமுலேட்டரில் பாஸ், மெடிக்கலில் தொங்கல், அவ்வளவுதான் உங்கள் நிலை. வேலை உறுதி என்றால் பாதை வேறு: கம்பெனி பின்னணிச் சோதனை முடித்து வேலை அனுமதிக் கடிதம் அனுப்பும், அதை வைத்து ஊரில் இஸட் விசா, அதாவது வேலை விசா, வாங்குவீர்கள், உள்ளே வந்து 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிப்பீர்கள். அதன் பிறகுதான் மனைவிக்கும் பையனுக்கும் குடும்ப விசா. ஏஜென்சி தாளில் போட்ட கையெழுத்தில் குடும்பம் வர முடியாது. அதனால் டி.சி. வாங்குவதை இன்றைக்கே நிறுத்துங்கள். ஓனரிடமும் பேசுங்கள்.

அதைவிட அவசரம், நீங்கள் தங்கியிருக்கும் ஃப்ளாட். ஹோட்டலில் இருந்தால் அவர்களே போலீசில் பதிவு செய்துவிடுவார்கள். வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்களோ வீட்டுக்காரரோ பகுதிக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். உங்களுக்கு 5 நாள் ஆகிவிட்டது. எச்சரிக்கையோடு விடலாம், 2,000 யுவான் வரை அபராதமும் போடலாம். நண்பரையும் வீட்டு ஒப்பந்தத்தையும் கூட்டிக்கொண்டு காலையில் முதல் வேலையாகப் போங்கள். போய் நீங்களே சொன்னால் பெரும்பாலும் திட்டோடு முடியும்.

அடுத்து, "ரெண்டு வாரம் பொறுங்க." உங்களிடம் 6 நாள்தான் மிச்சம். நீட்டிப்புக்கு விசா முடிய 7 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம், அது நேற்றே போய்விட்டது. கெஞ்சிப் பார்க்கலாம், நம்பி உட்கார முடியாது. கூடுதலாகத் தங்கினால் நாளுக்கு 500 யுவான், 10,000 வரை போகும், விஷயம் முற்றினால் காவலில் 5 முதல் 15 நாள். காசை விடுங்கள், அந்தப் பதிவு பின்னணிச் சோதனையில் வந்து நிற்கும். கல்லால் போகாத வேலை அதனால் போகும்.

திருச்சிக்காரன்:
ஏஜென்சிக்காரர் இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லையே சார்.

ஜொகூர் மணி:
அவர்களுக்கு ஆள் உள்ளே இருந்தால்தான் கமிஷன். எனக்கும் ஒரு ஏஜென்சி "ஷென்சென் பேஸ்", அதாவது இருப்பிடம் ஷென்சென்தான், என்று எழுதிக் கொடுத்தது. போய்ப் பார்த்தால் பாதி மாதம் வேறு ஊர் ஹோட்டலில். இப்போது அங்கே போகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும், ஏனென்றால் 2022 ஜூலையில் ஹூபேய் மாகாணத்தில் எச்சோ ஹுவாஹு என்று சரக்குக்காகவே ஒரு விமான நிலையம் திறந்து, இரவு வேலை நிறைய அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. குடும்பத்தை ஷென்சென்னில் வைத்துவிட்டு நீங்கள் எங்கே தூங்குவீர்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

காற்றுக்குதிரை:
அது வேலை கிடைத்த பிறகு பார்க்கலாம் மணி அண்ணே. திருச்சிக்காரன், உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. நீங்களே அதைக் கவனிக்கவில்லை. நம்ம ஊர் விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ விதிப்படி, வேலையை விடும் கேப்டன் ஒரு வருஷம் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுத்து இரண்டு மாதம் என்றால் நீங்கள் இன்னும் அந்தக் கம்பெனி ஆள்தான். ராஜினாமாவைத் திரும்பப் பெறுவதாக இன்று இரவே மெயில் போடுங்கள். ஏற்பது அவர்கள் விருப்பம், ஆனால் 737 கேப்டனைச் சும்மா அனுப்ப யாருக்கும் மனசு வராது.

மெடிக்கல் பேப்பர் எல்லாவற்றையும் முத்திரையோடு கேட்டு வாங்குங்கள், படங்களோடு. ஊரில் சிறுநீரக மருத்துவரிடம் காட்டி, கல் போனதும் அதற்கான ஸ்கேன் ரிப்போர்ட்டோடு மறுதேர்வு கேட்கலாம். எனக்குத் தெரிந்து இரண்டு பேர் அப்படித் திரும்ப வந்து சேர்ந்தார்கள், ஒருவருக்கு முடியவில்லை. இன்னொன்று: கல் இருப்பது தெரிந்த பிறகு ஊரில் பறக்கும் முன் உங்கள் விமான மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மறைக்க வேண்டாம், 38,000 அடியில் அந்த வலி வந்தால் பக்கத்தில் இருப்பவர்தான் பாவம்.

குவாங்சோ மாமி:
மனைவியிடம் நீங்களே போனில் பேசுங்கள், மெசேஜில் வேண்டாம். ஊர் சிம் ரோமிங்கில் போட்டால் வாட்ஸ்அப் கால் போகும்.

திருச்சிக்காரன்:
பேசிவிட்டேன் மாமி. முதலில் கொஞ்ச நேரம் அவள் பேசவே இல்லை. பிறகு "கல்லுதானே, வாங்க" என்றாள். டி.சி. வாங்கவில்லை. ஓனர் இன்னும் வேறு ஆள் பார்க்கவில்லையாம்.

இப்போது காவல் நிலையத்தில் இருந்து எழுதுகிறேன். நண்பர் பக்கத்தில் இருக்கிறார். கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு ஐந்து விரலை விரித்துக் காட்டி என்னவோ கேட்டார். ஐந்து நாள் என்கிறாரா, ஐநூறா என்று தெரியாமல் நான் முழிக்க, நண்பர் சிரித்துவிட்டார். ஐந்து நாளாக எங்கே இருந்தாய் என்று கேட்டிருக்கிறார். அபராதம் இல்லை, ஒரு தாளில் கையெழுத்து. மெயில் போட்டாயிற்று, பதில் இன்னும் இல்லை. ஸ்கேன் பேப்பர் வாங்க நாளை குவாங்சோ. மறுநாள் இரவு கோலாலம்பூர் வழியாக டிக்கெட்.

காற்றுக்குதிரை:
அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். விசா விண்ணப்பத்தில் பிறகு கேட்டால் காட்டலாம்.

ரன்வே ரவி:
அண்ணா, கோலாலம்பூரில் எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள்? சிமுலேட்டர் சோதனையில் என்ன கேட்டார்கள் என்று ஒரு கால் பேசலாமா?