ஐயர் இல்லாத மேடை: எங்கெங்கே சிக்கும்?

ஐயரும் மந்திரமும் இல்லாமல் உறுதிமொழி சொல்லி மாலை மாற்றுகிற சுயமரியாதைத் திருமணம் பற்றி, ஒவ்வோர் ஊர்ப் பெயரின் கீழும் அந்த ஊர்க்காரர் சொல்வது:

மன்னார்குடி

மந்திரம் சொன்னது போக ஐயர் இன்னும் நாலு வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்பது மேடையேறின பிறகுதான் தெரியும். முக்கியமானது கெட்டிமேளம். அவர் விரலை ஆட்டுவார், தவுல் கொட்டும். சுயமரியாதைத் திருமணத்தில் தலைமை தாங்குபவர் மைக்கைப் பிடித்து உறுதிமொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார், விரலாட்ட ஆளிருக்காது. மேளக்காரர்கள் குத்துமதிப்பாக நடுவிலேயே கொட்டிவிடுவார்கள். பெண் சொல்கிற வாக்கியம் முதல் வரிசைக்கே கேட்காது. நாயனக்காரர் கண்ணுக்கு நேரே ஒருத்தரை நிறுத்துங்கள். இரண்டு மாலையும் கழுத்தில் விழுந்ததும் அவர் கை தூக்கட்டும். முதல் நாள் ராத்திரியே மேளக்காரர்களிடம் சொல்லி வையுங்கள்.

அடுத்தது நேரம். முகூர்த்தம் என்ற கடிவாளம் இல்லை, பேச்சு நீளும். வாழ்த்துரையை உறுதிமொழிக்கு முன்னால் வைத்தால் கெட்டது கதை. பாதிப் பேர் பந்திக்குப் போய்விடுவார்கள். மாலை மாற்றி முடிந்த பிறகு மூன்றே பேர், ஆளுக்கு 3 நிமிடம். அட்சதைக்குப் பதில் உதிரிப்பூ தூவுவதானால் ஈரம் வடிந்த பூவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மேடை வழுக்கும்.

கும்பகோணம்

தாலி கட்டாவிட்டால் செல்லுமா என்று கேட்ட தங்கச்சிக்கு: செல்லும். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-இல் கொண்டுவந்த திருத்தம், 7-ஏ பிரிவு. உறவினர், நண்பர் முன்னிலையில் இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்றதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஏதாவது ஒன்று.

இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் இது. மதம் வேறென்றால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம்: ஒருவராவது 30 நாள் குடியிருந்த மாவட்டத்தில் நோட்டீஸ், அது ஒட்டியபின் 30 நாள் காத்திருப்பு, 3 சாட்சி. நோட்டீஸ் கொடுத்து 3 மாதம் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

எந்தக் கல்யாணமானாலும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. பத்திரிகை, மண்டப ரசீது இரண்டையும் பத்திரமாக வையுங்கள்.

திருவையாறு

பத்திரிகை அடிக்கும்போது ப்ரூஃபை இரண்டு தடவை பாருங்கள். அச்சகத்தில் பழைய ஃபைலைத் திறந்துதான் பெயர் மாற்றுவார்கள்; ‘வாழ்க்கை இணையேற்பு விழா’ என்று எழுதிக்கொடுத்தாலும் மேலே பிள்ளையார் சுழி ‘உ’ உட்கார்ந்திருக்கும், பெண் பெயருக்கு முன்னால் சௌபாக்கியவதி என்கிற ‘சௌ.’ ஒட்டிக்கொண்டிருக்கும். அப்பா இல்லாத வீடென்றால் அம்மா பெயரை அழைப்பவர் இடத்திலேயே போடச் சொல்லுங்கள். மேடையில் மாலை எடுத்துக்கொடுப்பதும் அந்த அம்மாவே என்று முன்கூட்டி முடிவு செய்யாவிட்டால், யாராவது ஓர் அத்தை முந்திக்கொள்வார்.

மன்னார்குடி

ஆடியில் கல்யாணம் வைக்கலாமா என்று கேட்ட அண்ணனுக்கு: வைத்தால் மண்டபம் சுலபமாகக் கிடைக்கும், அண்ணே. ஆனால் இலைக்கட்டைக் கூடுதலாகச் சொல்லி வையுங்கள், ஆடிக் காற்றில் பாதி கிழிந்துதான் வரும். ஆடிப்பெருக்கன்று மட்டும் வேண்டாம்: படித்துறைக் கூட்டத்தில் வேன் நகராது.