முன் அறைச் சுவரில் உப்பு பூக்கிறது, ஞாயிறு குழந்தை ஷூட் இருக்கிறது, உதவி தேவை

சத்துவாச்சாரி கேமரா (செவ்வாய், இரவு 10.52)
வணக்கம், அவசரம். வீட்டின் முன் அறையைச் சின்ன ஸ்டுடியோவாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஆடி மாதம், கல்யாண வேலை கிடையாது, இப்போது விட்டால் அப்புறம் கை வைக்க நேரம் கிடைக்காது. போன வாரம்தான் வெள்ளை பெயிண்ட் அடித்து முடித்தோம். இன்று பார்த்தால் கீழே சுவர் பொரிந்து நிற்கிறது, தொட்டால் மாவு மாதிரி உதிர்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வயதுக் குழந்தைக்குப் பிறந்தநாள் படம் எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். குழந்தை சுவரைப் பிடித்து நிற்கும் வயது. அந்தத் தூள் கையில் ஒட்டி வாய்க்குப் போகுமே என்று பயமாக இருக்கிறது. மேலே இன்னொரு கோட் அடித்தால் நிற்குமா?
இன்னொன்று. புது எல்.இ.டி. பேனல் மாட்டியதிலிருந்து படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுகின்றன. கேமரா போய்விட்டதா?

கொத்தனார் மகன், காட்பாடி (செவ்வாய், இரவு 11.10)
அண்ணே, தரைத்தளமா மாடியா? பழைய வீடா, புதிதாகப் பூசியதா? பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரைச் சமன் செய்யப் பூசும் மாவு) பார்த்தீர்களா? சுவரின் மறுபக்கம் என்ன இருக்கிறது? இதெல்லாம் தெரியாமல் எப்படிச் சொல்வது?

நிழலும் வெளிச்சமும் (செவ்வாய், இரவு 11.24)
பட்டை விழும் படத்துக்கு ஷட்டர் வேகம் என்ன? சைலண்ட் மோடில் (சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர்) எடுத்தீர்களா?

விருதம்பட்டு வாசி (செவ்வாய், இரவு 11.31)
இது போர் தண்ணீர் வேலைதான், வேறு எதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் குழாயைத் திறந்தால் பக்கெட்டில் வெள்ளை வளையம் படிகிறது. அந்தத் தண்ணீரில் பட்டி கலந்தால் உப்பு வராமல் என்ன செய்யும்? மொத்தத்தையும் சுரண்டி எடுத்து, கேன் தண்ணீரில் கலந்து திரும்பப் பாருங்கள்.

சத்துவாச்சாரி கேமரா (புதன், காலை 6.40)
தரைத்தளம். அப்பா 1998-இல் கட்டிய வீடு. பட்டி இரண்டு கை, பிரைமர், எமல்ஷன், எல்லாம் நாலு நாளில் முடித்தார்கள். பெயிண்டர் அண்ணன் இப்போது போனை எடுப்பதில்லை. ஷட்டர் 1/250. ஆமாம், சைலண்ட் மோடுதான், குழந்தை சத்தத்துக்குப் பயப்படும் என்று.

சிவில் அனுபவம் 30 ஆண்டு (புதன், காலை 8.15)
கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. சுவரின் அளவு, பொரிந்த இடத்தின் உயரம், அஸ்திவாரத்தின் மேல் டி.பி.சி. (ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்கு) போட்டிருக்கிறார்களா, இவற்றைச் சொல்லாமல் 'பெயிண்ட் உதிர்கிறது' என்றால் வைத்தியரிடம் போய் 'வலிக்கிறது' என்று மட்டும் சொல்வது போல. படம் எடுப்பவர்களுக்குச் சுவர் என்றால் மேல் தோல்தான். அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் டி.பி.சி. சரியாக இருக்காது. மண்ணிலிருந்து ஓதம் (ஈரம்) ஏறுகிறது. அடியில் வரிசையாகத் துளை போட்டு, ரசாயனம் ஏற்றி, பூச்சை மூன்றடிக்கு உடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் நடக்காது.
போர் தண்ணீர் என்று சொன்னவருக்கு: பட்டியில் கலக்கும் நாலு குடம் தண்ணீரால் ஒரே இடத்தில் மட்டும் இப்படிப் பொரியாது. கட்டுமானத் தண்ணீருக்கு ஐ.எஸ். 456 (2000) என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டரில் குளோரைடு 500 மில்லிகிராம் வரை, கம்பியில்லாததற்கு 2000 வரை. படித்துவிட்டுப் பேசுவது நல்லது.

விருதம்பட்டு வாசி (புதன், காலை 9.02)
சார், விதியைப் படித்தவர்கள் எங்கள் தெரு போர் தண்ணீரை ஒருமுறை குடித்துப் பார்க்கட்டும். பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கி எத்தனை வருடம் ஆகிறது? 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றமே 'மாசு செய்தவர்தான் ஈடு தர வேண்டும்' என்று நம் வேலூர் மாவட்டத்து வழக்கில் சொன்னது. நிலத்தடி நீர் கெட்டது உண்மை, அதை மறைக்க முடியாது.

ஆம்பூர் பையன் (புதன், காலை 9.40)
அண்ணா, கழிவு கெடுதல் செய்தது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை தோலையும் ஷூவையும் நம்பித்தான் சாப்பிட்டது. எந்தச் சுவர் பொரிந்தாலும் எங்கள் ஊர்ப் பெயரை இழுப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சத்துவாச்சாரி மலையடிவாரத்துப் பாறை நிலம். பாறை இடுக்குத் தண்ணீரே கடினமாகத்தான் இருக்கும்.

நிழலும் வெளிச்சமும் (புதன், காலை 10.05)
பட்டைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விலை குறைந்த டிரைவர் (விளக்குக்கு மின்சாரம் தரும் சர்க்யூட்) உள்ள எல்.இ.டி. நொடிக்கு 100 முறை கூடிக் குறைந்து எரியும். கண்ணுக்குத் தெரியாது. சைலண்ட் மோடில் சென்சார் மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்கும். ஒரு பகுதி வெளிச்சம் கூடும்போது பதிவாகும், அடுத்த பகுதி குறையும்போது. அதுதான் பட்டை. ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடி வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் முழுச் சுற்று கிடைக்கும், பட்டை போய்விடும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினால் 1/250-லும் பெருமளவு குறையும். ஆனால் தவழும் குழந்தைக்கு 1/100 போதாது, கை கால் கலங்கும். அந்தப் பேனலை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். காலை ஒன்பது மணிக்குள் முடித்தால் ஆடியிலும் வெளிச்சம் மென்மையாக இருக்கும்.

மின்சாரம் பிரச்சினை (புதன், காலை 10.30)
வோல்டேஜ் இறங்குகிறது, அதனால்தான் பட்டை. நல்ல ஸ்டெபிலைசர் போடுங்கள். எங்கள் தெருவிலும் மாலை ஆறு மணிக்கு மேல் இப்படித்தான்.

நிழலும் வெளிச்சமும் (புதன், காலை 10.41)
ஸ்டெபிலைசர் வோல்டேஜைச் சீராக்கும், நொடிக்கு 100 முறை துடிப்பதை நிறுத்தாது. தயவுசெய்து அவரைச் செலவு செய்ய வைக்காதீர்கள்.

கொத்தனார் மகன், காட்பாடி (புதன், மதியம் 1.20)
பாலாற்றை அப்புறம் பேசலாம். அண்ணே, என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பொரிந்தது சுவர் நீளம் முழுக்கவா, ஒரு இடத்திலா? வெளியில் என்ன இருக்கிறது?

சத்துவாச்சாரி கேமரா (புதன், இரவு 9.15)
ஒரு இடத்தில் மட்டும். மூன்றடி அகலம், தரையிலிருந்து இரண்டடி உயரம். வெளியே ஒன்றும் இல்லை, சின்னச் சந்துதான். அம்மா வைத்த கறிவேப்பிலைச் செடி சுவரை ஒட்டி இருக்கிறது. ஆர்.ஓ. மெஷினின் கழிவுக் குழாயை அதன் அடியில் விட்டிருக்கிறோம், தண்ணீர் வீணாகக் கூடாது என்று.

கொத்தனார் மகன், காட்பாடி (புதன், இரவு 9.22)
அண்ணே, அதுதான்! கறிவேப்பிலை இலை நுனி கருகியிருக்கிறதா, பாருங்கள்.

சத்துவாச்சாரி கேமரா (புதன், இரவு 9.30)
டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆமாம், நுனியெல்லாம் காய்ந்து பழுப்பாக இருக்கிறது. அம்மா அக்னி வெயிலில் கருகியது என்றே இருந்தார்.

கொத்தனார் மகன், காட்பாடி (புதன், இரவு 9.58)
ஆர்.ஓ. செய்வது உப்பைப் பிரித்து ஒதுக்குவது. நல்ல தண்ணீர் ஒரு லிட்டர் வந்தால் இரண்டு, மூன்று லிட்டர் வெளியே போகும். போர் தண்ணீரில் இருந்த உப்பில் பெரும்பகுதி அதில்தான் சேர்ந்து வருகிறது. செடி அதைக் குடித்து நுனி கருகியது, மீதியைச் செங்கல் குடித்தது. உள்பக்கம் காற்றில் ஈரம் ஆவியாகும்போது உப்பு மட்டும் பெயிண்டுக்கு அடியில் தங்கிப் படிகமாகப் பெருத்து, பட்டியையே தள்ளுகிறது. அதனால் மேலே இன்னொரு கோட் அடித்தால் அதையும் தள்ளிவிடும்.
ஒரு சோதனை செய்யுங்கள். உதிர்ந்த இடத்தில் ஒன்றரை அடி சதுரத்துக்கு பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்து கோத்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. வெளிப்பக்கம் கோத்தால் அறைக்காற்றின் ஈரம்.
குழாயை இன்றே வேறு பக்கம் திருப்புங்கள். உப்பை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி எடுங்கள், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

சிவில் அனுபவம் 30 ஆண்டு (வியாழன், காலை 7.50)
குழாய் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஏற்கிறேன். ஆனால் டி.பி.சி. ஒழுங்காக இருந்தால் வெளித்தண்ணீர் இவ்வளவு எளிதாக ஏறாது. குழாயை மாற்றினாலே தீரும் என்று நம்பிக்கை கொடுப்பது அனுபவமில்லாத பேச்சு. சந்தின் தரை மட்டம் அறையின் தரை மட்டத்தை விட உயரமா என்று அளந்து சொல்லுங்கள்.

கொத்தனார் மகன், காட்பாடி (வியாழன், காலை 8.20)
சார், சந்து மட்டத்தைப் பார்க்கச் சொன்னது சரியான கேள்வி. ஆனால் சுவர் முழுக்க ஓதம் ஏறினால் நீளவாட்டில் ஒரே கோடாகத் தெரியும். இது மூன்றடிக்குள் நின்றிருக்கிறது. முதலில் குழாயை நிறுத்திப் பார்ப்போம், துளை போடுவதெல்லாம் கடைசியில்.

பழைய வேலூர்க்காரர் (வியாழன், மதியம் 12.10)
மேலே பாலாறு பற்றிப் பேசியவர்களுக்கு ஒரு வார்த்தை. 'நீரில்லா ஆறு, தெய்வமில்லாக் கோயில்' என்று நம் ஊரைச் சொல்வார்கள். ஜலகண்டேஸ்வரர் 1981-இல் கோட்டைக் கோயிலுக்குள் திரும்ப வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியதை நின்று பார்த்தேன், கண் கலங்கியது. வெள்ளம் வந்த பிறகு எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு குறைந்தது என் அனுபவம். ஆற்றில் தண்ணீர் நின்றால் ஊர் சுவரும் பிழைக்கும்.

விருதம்பட்டு வாசி (வியாழன், மதியம் 12.35)
ஐயா சொன்னது உண்மை. ஆம்பூர்த் தம்பி, உங்கள் குடும்பத்தைச் சொல்லவில்லை. தண்ணீர் மேல் உள்ள ஆதங்கத்தில் எழுதிவிட்டேன்.

ஆம்பூர் பையன் (வியாழன், மதியம் 12.50)
பரவாயில்லை அண்ணா. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும் அப்படித்தான்.

நிழலும் வெளிச்சமும் (வியாழன், மாலை 5.15)
ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தச் சுவர் எதற்கு? எதிர்ச் சுவரில் கம்பி கட்டி, வெளுத்த காடா துணியைத் தொங்கவிட்டு, தரை வரை இறக்கி விரித்துவிடுங்கள். துணிக்கு மடிப்பு தெரியாமல் இஸ்திரி போட்டால் போதும். குழந்தையைச் சுவரிலிருந்து நாலடி முன்னால் உட்கார வைத்தால் துணி மங்கிப் பின்னால் போய்விடும். பொரிந்த சுவர்ப் பக்கம் கட்டிலை இழுத்துப் போட்டு மறித்துவிடுங்கள், குழந்தை அங்கே போகக் கூடாது.

சத்துவாச்சாரி கேமரா (வெள்ளி, இரவு 11.05)
பாலித்தீன் தாளின் உள்பக்கம் நீர் முத்து முத்தாக நிற்கிறது. நண்பரிடம் டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் கருவி) வாங்கி அளந்தேன். போர் தண்ணீர் 1400, கழிவுக் குழாயில் 2050. குழாயைத் தூக்கிக் கழிவறை டிரம்மில் விட்டேன். அம்மாவுக்குச் செடியை நினைத்து வருத்தம். வேரைச் சுற்றி மழைத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.

சிவில் அனுபவம் 30 ஆண்டு (சனி, காலை 8.00)
சந்து மட்டம்?

சத்துவாச்சாரி கேமரா (திங்கள், காலை 7.20)
ஷூட் முடிந்தது. காடா துணி, ஜன்னல் வெளிச்சம், 1/250, மெக்கானிக்கல் ஷட்டர், பேனல் அணைத்துவிட்டேன். ஒரு பட்டையும் இல்லை. குழந்தை அருமையாகச் சிரித்தது. எல்லோருக்கும் நன்றி. ஆவணி முகூர்த்தம் தொடங்கிவிடும், ஓட வேண்டும்.

கொத்தனார் மகன், காட்பாடி (திங்கள், காலை 7.45)
சந்தோஷம் அண்ணே. இப்போது பெயிண்ட் வேண்டாம். பொரிந்த பட்டியை மட்டும் சுரண்டிச் சுவரை அப்படியே திறந்து வையுங்கள். ஐப்பசி மழையில் வெளிப்பக்கம் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாள் சோதனையில் நீர் முத்து வராமல் போனபிறகுதான் காரம் (அல்கலி) தாங்கும் பிரைமர், அப்புறம் வெள்ளை சிமெண்ட் பட்டி. மினுமினுப்பு வேண்டாம், மேட் அடியுங்கள், ஃபிளாஷ் அடித்தால் கண் கூசாது. சந்து மட்டத்தையும் ஒரு தடவை அளந்துவிடுங்கள், சார் கேட்டது தேவையான விஷயம்தான்.

பாகாயம் புது வீடு (45 நாள் கழித்து)
அண்ணா, எங்கள் வீட்டிலும் சமையலறைச் சுவரில் இதேதான், எங்களுடையதும் ஆர்.ஓ. குழாய்ப் பக்கம். உங்கள் சுவர் காய எத்தனை நாள் ஆனது? செடி பிழைத்ததா?