தொழிலாளிக்கு மரியாதை: நம்ம கடற்கரையில் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

மண்டபம் நண்டுக்காரன்:
லீன், அதாவது வீண்வேலையைக் குறைத்து உற்பத்தி செய்யும் முறை, கொண்டுவருகிறோம் என்று வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். நான் அப்போது நண்டுச் சதை எடுக்கும் கம்பெனி ஒன்றில் தரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையிலேயே கைவேகம் அதிகமான அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஸ்டாப்வாட்சோடு வந்து நின்றார் அவர். ஒரு வணக்கம் இல்லை, பேர்கூடக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த அக்கா கத்தியை வைத்துவிட்டு, பெரிய நண்டு ஒன்றையும் பொடி நண்டு ஒன்றையும் தூக்கி அவர் முகத்துக்கு நேராகக் காட்டினார். "தம்பி, ரெண்டும் ஒரே தட்டுல கலந்து வருது. பிரிச்சுக் குடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கோம். அதையும் எழுதுங்க."

அவர் நொடிக்கணக்கை மட்டும் எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். சாயங்காலக் கூட்டத்தில் "ஆட்கள் மெதுவு" என்று படம் போட்டுக் காட்டினார். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

பாம்பன் காத்து:
கோபம் நியாயம்தான். ஆனால் ஸ்டாப்வாட்ச் மேல் பழி போடாதீர்கள். லீன் முறைக்கு மூலமான ஜப்பான் கார் கம்பெனி டொயோட்டாவிலும் நேரம் அளந்தார்கள். 1977ல் அந்தக் கம்பெனிக்காரர்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே மனிதரை மதிப்பது என்பது இருக்கிறது. அதில் மரியாதை என்றால் இனிக்கப் பேசுவது இல்லை. வீண் அசைவை ஒழிப்பது, பாதுகாப்பைக் கவனிப்பது, பொறுப்பையும் அதிகாரத்தையும் தொழிலாளி கையிலேயே கொடுத்துத் திறமையைக் காட்ட விடுவது. 2001ல் தங்கள் வழிமுறையை எழுதிவைத்தபோதும் இரண்டே தூண்கள்தான்: தொடர்ந்து மேம்படுத்துவது, மனிதர்களை மதிப்பது. தப்பு தெரிந்தால் லைனில் நிற்கும் தொழிலாளியே அங்கே கட்டியிருக்கும் கயிற்றை இழுத்து எச்சரிக்கலாம், தேவைப்பட்டால் லைனே நிற்கும். 'லீன்' என்ற பேர் 1988ல் ஜான் க்ராஃப்சிக் என்ற ஆய்வாளர் வைத்தது. பேரை வாங்கி வந்தவர்கள் முதல் தூணோடு நின்றுவிட்டார்கள். அந்த அக்கா சொன்ன கலப்படத் தட்டு இருக்கிறதே, அதுவே அசல் வீண்வேலை. உங்கள் கம்பெனியில் முதலில் நண்டு இறங்கும் இடத்தில் ஒரு தரம்பிரிக்கும் மேசை போடுங்கள்.

என் அனுபவம் சின்னது. ஐஸ் பத்தாது என்று சொன்ன பையனிடம் சூப்பர்வைசர் "உன் வேலையைப் பாரு" என்றார். அதற்கப்புறம் அந்தப் பையன் எதையுமே சொன்னதில்லை.

வாலிநோக்கம்:
நல்லதும் ஒன்று சொல்கிறேன். உப்பளத்தில் வாரிய உப்பைத் தலைச்சுமையாக அம்பாரத்துக்குக் கொண்டுபோகிற வழியில் வரப்பு உடைந்து கிடந்தது. பெண்கள் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். புதிதாக வந்த மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு அம்மாவின் பின்னாலேயே நடந்தார். கால்வெடிப்பில் உப்புநீர் பட்டதும் அவர் முகம் சுளித்ததை எல்லோரும் பார்த்தோம்.

"இங்கதானேம்மா பலகை போடணும்?"

"இங்க வேணாம் சார், அந்தப் பக்கம். இங்க போட்டா சுமையோட திரும்ப முடியாது."

அந்த அம்மா சொன்ன இடத்திலேயே போட்டார்கள். அந்த மனுஷர் லீன் என்ற வார்த்தையை எங்களிடம் சொன்னதே இல்லை.

கீழக்கரை வாசி:
பாம்பன் நண்பரே, கயிற்றுக் கதை இங்கே செல்லுபடியாகாது. நான் வேலை பார்த்த கொட்டகையில் கிலோ கணக்குக் கூலி. தட்டை நிறுத்திவிட்டுக் குறை சொன்ன ஒரு அக்காவுக்கு அன்றைய எடை குறைந்தது, கூலியும் குறைந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அப்புறம் யார் கயிற்றை இழுப்பார்கள்? டொயோட்டாவிலும் 1950ல் ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம் எல்லாம் நடந்து, கீச்சிரோ டொயோடா தலைவர் பதவியையே விட்டார். துணிந்து கயிற்றை இழுக்கும் நம்பிக்கை அந்த அடிக்குப் பிறகு வந்தது, கயிறு கட்டியதால் வந்ததில்லை.

முதலாளிகள் யாராவது படித்தால் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, வரத்து குறையும். அப்போது பெண்களை உட்காரவைத்துக் கேளுங்கள், மேசை உயரம், வெளிச்சம், தட்டு எல்லாம். அந்த நேரத்துக்கும் கூலி போட்டுவிட்டுக் கேளுங்கள்.