நம்பிச் சொன்னது வெளியே போய்விட்டது, இனி அவளிடம் எப்படிப் பேசுவது?

வணக்கம். எனக்கும் கணவருக்கும் நடுவே இருந்த ஒரு பிரச்சினையை, 12 வருடத் தோழி ஒருத்தியிடம் மட்டும் மனம்விட்டுச் சொல்லியிருந்தேன். போன மாதம் எங்கள் இருவருக்கும் தெரிந்த இன்னொருத்தி அதைப் பற்றி என்னிடமே ஆறுதலாக விசாரித்தாள். ஆடிப்போய்விட்டேன்.

தோழி மறுக்கவில்லை. உன்மேல் இருந்த கவலையில்தான் சொன்னேன் என்று அழுதாள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் விஷயம் வெளியே போனதைவிட வலிப்பது வேறு. பழைய நல்ல நினைவுகளைக்கூட இப்போது சந்தேகத்தோடு புரட்டிப் பார்க்கிறேன். அன்றைக்கு அழுதுகொண்டே சொன்னதும் யார் காதுக்காவது போயிருக்குமோ? ஒன்றும் அறியாத என் அக்காவிடம்கூட வாய் திறக்கத் தயங்குகிறேன். கணவருக்கு இன்னும் தெரியாது. அது அவர் விஷயமும்தானே, அவருடைய நம்பிக்கையை நானும் உடைத்துவிட்டேனோ என்று உறுத்துகிறது.

மன்னிக்க என்னால் முடியும். மறுபடி நம்புவதுதான் எப்படி என்று தெரியவில்லை. அவளை இழக்கவும் மனமில்லை.

இப்படி உடைந்த நட்பை மீட்டவர்கள் சொல்லுங்கள்: முதலில் எதைப் பேசினீர்கள்? எவ்வளவு நாள் விலகி இருந்தீர்கள்? ஒரேயடியாக ஒதுங்கியவர்களும் காரணத்தைச் சொல்லுங்கள். அப்புறம், கணவரிடம் நானே சொல்லிவிடுவதா?