ஹாலோவீன் அன்று வாசல் விளக்கைப் போடலாமா, அணைக்கலாமா?

கேள்வி:

அக்கா, வணக்கம். ஆகஸ்டில்தான் கனடாவில் டொராண்டோ நகரின் ஸ்கார்பரோவுக்குக் குடிவந்தோம். ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் இருக்கிறோம். மகள் கிரேடு ஒன்று. அக்டோபர் 31, ஹாலோவீனுக்கு வேஷம் போட்டு வரலாம் என்று பள்ளியில் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் இப்போதே எலும்புக்கூடும் கல்லறையுமாக நட்டு வைத்திருக்கிறார்கள். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். "விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளையைப் பேய் வேஷம் கட்டி வெளியே அனுப்பாதே" என்று ஒரே பிடிவாதம். என் மனைவிக்கும் மனசில்லை. மகளோ தினமும் கேட்கிறாள். வேஷம் போட்ட பிள்ளைகள் மிட்டாய் கேட்டுக் கதவைத் தட்டாதபடி, அன்று மட்டும் வாசல் விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே இருந்துவிடலாமா?

பதில்:

தம்பி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்த முதல் வருடம் மட்டுமாவது உள்ளே இருந்துவிடாதீர்கள். பேய் வேஷம் வேண்டாம் என்றால் வேண்டாம், அது உங்கள் வீட்டு முடிவு. ஆனால் அந்த ஒரு மாலையை விட்டால், அக்கம்பக்கத்தார் முகத்தை நிதானமாகப் பார்க்க மே மாதம் ஆகிவிடும்.

நான் அதை விட்டவள். 2011-இல் கும்பகோணத்திலிருந்து வந்த புதிதில் உங்களைப் போலவே யோசித்து, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. திரைச்சீலையை விலக்கி, தெருவில் போகும் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். ஐந்து மணிக்கே இருட்டியது, அப்புறம் பனி. எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் ஒரு குளிர்காலம் போனது. ஏப்ரலில்தான் எதிர்வீட்டுப் பாட்டி வந்து பேசினார். "உன் மகளுக்காக அக்டோபரில் ஒரு பொட்டலம் எடுத்து வைத்திருந்தேன், நீங்கள் வரவில்லையே" என்றார். அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆறு மாதம் ஒருவர் நமக்காகக் காத்திருந்திருக்கிறார், நமக்குத் தெரியவில்லை.

இந்த ஊரில் போன் செய்யாமல் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டமாட்டார்கள். வருடம் முழுக்க அப்படித்தான். அக்டோபர் 31 மாலை மட்டும், தெரியாத வீட்டுக் கதவை ஒரு குழந்தை தட்டலாம். தட்டினால் சிரித்த முகத்தோடு திறப்பார்கள். இங்கே பலர் ஹாலோவீனை உயிராய் நேசிப்பதற்குக் காரணம் பேயும் இல்லை, சாக்லேட்டும் இல்லை, இந்தத் திறந்த கதவுதான் என்று நான் நினைக்கிறேன். நம் ஊரில் நவராத்திரிக்குப் பாவாடை கட்டிக்கொண்டு, கையில் டப்பாவோடு வீடு வீடாகக் கொலு பார்க்கப் போவோமே, "ஒரு பாட்டுப் பாடு, சுண்டல் தருகிறேன்" என்பார்களே, அதே சந்தோஷம்தான் இந்தப் பிள்ளைகள் முகத்தில் இருக்கும். உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். என் மாமியார் கொலுவைச் சொன்னதும்தான் கொஞ்சம் இளகினார்.

அம்மாவுக்குச் சொல்ல இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. நம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாள் கொண்டாடுவதை அவர் பார்த்திருப்பார். கல்லறையைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வார்கள். அதற்கு முந்தைய நாள், நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழா. அந்தப் பெருவிழாவின் முந்தைய இரவு என்பதுதான் ஹாலோவீன் என்ற பெயருக்கே அர்த்தம். அதற்கும் பின்னால், அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளாகக் கொண்டாடிய சாவ்ன் என்ற பழைய திருவிழா இருக்கிறது. அன்று இறந்தவர்கள் உலகத்துக்கும் நம் உலகத்துக்கும் நடுவில் உள்ள கதவு திறக்கும் என்று நம்பினார்கள். அமாவாசைக்கு முன்னோருக்குப் படையல் வைக்கும் நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

இதைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தவர்களும் நம்மைப் போல ஊரைவிட்டு வந்தவர்கள்தான். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது, 1847-ஆம் ஆண்டில் மட்டும் 38,000-க்கும் மேற்பட்டவர்கள் டொராண்டோ துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அன்றைக்கு இந்த ஊரின் மக்கள்தொகையே ஏறக்குறைய 20,000-தான். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த வருடமே காய்ச்சலில் இறந்தும் போனார்கள். ஏரிக்கரையில் அவர்கள் நினைவாக அயர்லாந்து பார்க் இருக்கிறது, ஒருநாள் போய்ப் பாருங்கள். ஊரில் அவர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் வெட்டி, உள்ளே விளக்கு வைப்பார்கள், கெட்டது அண்டக்கூடாது என்று. இந்தக் கண்டத்தில் பரங்கிக்காய் பெரிதாகவும் குடைய எளிதாகவும் கிடைத்ததால் பரங்கிக்கு மாறினார்கள். புது வீடு கட்டும்போது பூசணிக்காயில் கண்ணும் மீசையும் பல்லும் வரைந்து திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடுகிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். என் மாமியார் முதன்முதலில் வாசலில் குடைந்த பரங்கியைப் பார்த்ததும், "திருஷ்டிக்கா வைத்திருக்கிறார்கள்?" என்றுதான் கேட்டார்.

இதெல்லாம் சொன்னாலும், பிடிக்காதவர்களின் பக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும். அது சும்மா பிடிவாதம் என்று யாரும் தள்ளிவிடக்கூடாது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு ஈழத்து அம்மா இருக்கிறார். அக்டோபர் வந்தால் அவர் எங்கள் பக்கம் நடக்கமாட்டார், சுற்றுவழியாகத்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போவார். நான் வெகுநாள் காரணம் தெரியாமல் இருந்தேன். ஒருநாள் அவரே சொன்னார். ஒரு வீட்டுப் புல்வெளியில், துணி சுற்றிய உடல்களைப் போல வரிசையாகப் பொம்மைகளைக் கிடத்தியிருந்தார்கள். "நான் அதை உண்மையாவே பாத்தனான் பிள்ளை" என்றார், அவ்வளவுதான். அவர் 2009-இல் வன்னியில் இருந்தவர். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. ஸ்கார்பரோவில் அப்படிப்பட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள், தம்பி. உங்கள் வீட்டு உரிமையாளரே அவர்களில் ஒருவராக இருக்கலாம். அதனால் நீங்கள் அலங்காரம் வைப்பதாக இருந்தால் பரங்கி, வைக்கோல், சோளத்தட்டை, செவ்வந்திப்பூ என்று வையுங்கள். ரத்தக்கறையும் வெட்டிய கையும் வேண்டாம். அந்தப் பொம்மைகளை வைத்த வீட்டுக்காரரிடம் அடுத்த வருடம் நானே போய் மெதுவாகப் பேசினேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, அன்று மாலையே எடுத்துவிட்டார்.

இன்னும் சிலருக்கு வேறு காரணம். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் தோழிகள் பேய் என்ற பேச்சே வேண்டாம் என்று, அன்று பிள்ளைகளைச் சபையில் நடக்கும் அறுவடை விழாவுக்கு அழைத்துப் போவார்கள். வீட்டில் அந்த வருடம் சாவு நடந்தவர்கள் விளக்கை அணைத்து வைப்பார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிலும், ஆகஸ்ட் முடியும் முன்னே கடைகளில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு குவிவதைப் பார்த்து வெறுத்துப் போனவர்கள் உண்டு. ஒரே இரவு போட்டுவிட்டுத் தூக்கி எறியும் உடை, மலைபோல் சேரும் சாக்லேட் காகிதம், இவற்றைப் பற்றி அவர்கள் சொல்வது எனக்கும் நியாயமாகப் படுகிறது. விளக்கு எரியாத வீட்டை யாரும் தட்டமாட்டார்கள். ஏன் அணைத்தாய் என்று கேட்கவும் மாட்டார்கள். இந்த வழக்கத்தில் எனக்கு மிகப் பிடித்த மரியாதை அதுதான்.

சரி, உங்கள் காரியத்துக்கு வருவோம். பேஸ்மென்ட்டில் பக்கவாசல்தான் இருக்கும், அங்கே பிள்ளைகள் வரமாட்டார்கள். மேல்வீட்டுக்காரர்களிடம் முன்னாலேயே கேட்டுக்கொண்டு, முன்வாசல் படியில் ஒரு நாற்காலி போட்டு, ஒரு கிண்ணம் சாக்லேட்டோடு நீங்கள் இருவரில் ஒருவர் உட்காருங்கள். இன்னொருவர் மகளோடு போகட்டும். ஐந்தரைக்குக் கிளம்பினால் சின்னப் பிள்ளைகளோடு போய்விடலாம். ஆறேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், எட்டு மணிக்குத் தெரு அடங்கிவிடும். சாலையை மட்டும் கவனமாகக் கடந்து போங்கள். கறுப்பு உடையில் இருக்கும் குழந்தை கார் ஓட்டுபவர் கண்ணில் படாது, கையில் ஒரு டார்ச் கொடுங்கள்.

வேஷம் பேயாக இருக்க வேண்டியதே இல்லை. பாதிப் பிள்ளைகள் தேனீ, டாக்டர், தீயணைப்பு வீரர் என்றுதான் வருவார்கள். என் மகள் ஒரு வருடம் முண்டாசும் மீசையும் கறுப்புக் கோட்டுமாகப் பாரதியாராகப் போனாள். ஒவ்வொரு வாசலிலும் யார் இது என்று கேட்டார்கள், ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், உள்ளே குளிர் ஜாக்கெட் போட வேண்டும். அன்று மாலை பெரும்பாலும் குளிராகத்தான் இருக்கும். வேல்யூ வில்லேஜ் மாதிரிப் பழைய துணிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். பள்ளிக்கு முகமூடியும் விளையாட்டுக் கத்தியும் பெரும்பாலும் கூடாது, கடிதத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கொடுப்பது எல்லாமே கடையில் வாங்கிய, பிரிக்காத பொட்டலமாக இருக்கட்டும். முறுக்கும் அதிரசமும் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் வீட்டில் செய்ததைப் பெற்றோர்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடமாட்டார்கள். வேர்க்கடலை ஒவ்வாமை இங்கே பெரிய விஷயம், கடலை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். வாசலில் நீலப்பச்சை நிறத்தில் ஒரு பரங்கி இருந்தால், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு அங்கே ஸ்டிக்கர், பென்சில் மாதிரித் தின்னாத பொருள் கிடைக்கும் என்று அர்த்தம். நீங்கள் சைவம் என்றால் மகள் கொண்டுவருவதை அன்றிரவே பிரித்துவிடுங்கள். கம்மி மிட்டாய், மார்ஷ்மல்லோ இரண்டிலும் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அது பன்றி அல்லது மாட்டின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. ராக்கெட்ஸ் என்ற சின்ன வில்லை மிட்டாயில் அது இல்லை. கறுப்பும் ஆரஞ்சுமான காகிதத்தில் சுற்றிய மொலாசஸ் மிட்டாய் ஒன்று வரும். இங்கத்துப் பிள்ளைகள் பலருக்கு அது பிடிக்காது, கடைசிவரை பையிலேயே கிடக்கும். எனக்கு அதில் கருப்பட்டிப் பாகின் வாசம் அடிக்கும், மகள் எல்லாவற்றையும் எனக்கே கொடுத்துவிடுவாள்.

இலையுதிர்காலம் என்றால் ஹாலோவீன் மட்டும் இல்லை. ரூஜ் தேசியப் பூங்கா உங்களுக்குப் பக்கத்தில்தான், மிருகக்காட்சிசாலைக்குப் போகும் பஸ்ஸிலேயே போகலாம். மேப்பிள் சிவப்பு அதிக நாள் நிற்காது, ஒரு பெரிய காற்றடித்தால் கொட்டிவிடும், இந்த வாரமே போங்கள். ஆப்பிள் பறிக்கப் போவது செலவு, ஒருமுறை போனால் போதும். தாங்ஸ்கிவிங் இங்கே அக்டோபர் இரண்டாம் திங்கள், அமெரிக்காவைப் போல நவம்பர் இல்லை. பம்ப்கின் ஸ்பைஸ் என்று எல்லாக் கடையிலும் எழுதியிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். அது பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், இஞ்சிதான். ஸ்டார்பக்ஸ் பம்ப்கின் ஸ்பைஸ் காபியை 2003-இல் கொண்டுவந்தது, அதில் நிஜப் பரங்கி சேர்ந்தது 2015-இல்தான்.

கேள்வி:

நன்றி அக்கா. மனைவியிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். தேனீ வேஷம் என்று முடிவாகியிருக்கிறது. அம்மாவும் "சரி, தேனீ என்றால் போகட்டும்" என்றுவிட்டார். இரண்டு சந்தேகம். தீபாவளியும் அதே சமயத்தில் வந்தால் என்ன செய்வீர்கள்? அப்புறம் அந்தப் பெரிய பரங்கிக்காயைச் சாம்பாரில் போடலாமா?

பதில்:

2024-இல் இரண்டும் ஒரே நாள், அக்டோபர் 31. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் சாப்பிட்டு, மாலையில் வாசலில் பரங்கிக்கு இரண்டு பக்கமும் அகல்விளக்கு வரிசை வைத்தோம். என் தங்கை பிள்ளைகள் பட்டுப்பாவாடையோடு கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நீங்கள் இளவரசி வேஷமா என்று ஒரு குட்டிப் பையன் கேட்டான். இல்லை, இன்று எங்கள் பண்டிகை என்று சொன்னதும், அவன் அம்மா நின்று நிதானமாகத் தீபாவளி பற்றி விசாரித்தார். இந்தப் பதினைந்து வருடத்தில் எனக்கு மிகப் பிடித்த அக்டோபர் 31 அதுதான்.

குடையும் பரங்கி சாம்பாருக்கு ஆகாது. நார்நாராக, தண்ணீராக இருக்கும், இனிப்பே இருக்காது. கூட்டுக்கும் சாம்பாருக்கும் பை பம்ப்கின் என்று எழுதிய சின்னக் காய் அல்லது பட்டர்நட் என்ற பரங்கி வகையை வாங்குங்கள். பெரிய காயின் விதையை மட்டும் வீணாக்காதீர்கள், கழுவிக் காயவைத்து உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுங்கள்.

மறுநாள் அதைக் குப்பையில் போடும் முன் ஒன்று செய்யுங்கள். நவம்பர் 1 மாலை, மேற்கே சொரோரன் பார்க்கில், குடைந்த பரங்கிகளை எல்லாரும் கொண்டுவந்து வரிசையாக அடுக்கி விளக்கேற்றுவார்கள். 2004-இல் தொடங்கிய வழக்கம். இருட்டில் நூற்றுக்கணக்கான முகங்கள் எரிவதைப் பார்க்கும்போது எனக்குக் கார்த்திகைக்குக் கோயில் பிராகாரம் முழுக்க விளக்கு வைத்தது போலவே இருக்கும். அங்கேயே விட்டுவிட்டு வரலாம், நகராட்சி உரமாக்க எடுத்துப் போய்விடும். சப்வேயில் கொண்டுபோவதாக இருந்தால் துணிப்பையில் வைத்து, மூடியைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கார்பரோவிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும், மகளுக்கு ஏதாவது சாப்பிடக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.