போனில் லேண்டிங் பேஜ் பக்கவாட்டில் நகர்கிறது, எங்கே தவறு?

கேள்வி
தமிழில் ஒரு லேண்டிங் பேஜ் (வருபவர் முதலில் காணும் பக்கம்). மேலே தலைப்பும் படமும் அருகருகே. சிஎஸ்எஸ் கிரிட்டில் (பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் முறை) 1 எஃப்ஆர், 1 எஃப்ஆர் (மீதி இடத்தில் தலா ஒரு பங்கு) என இரண்டு பத்திகள், அதாவது நெடுக்கு வரிசைகள். கீழே மூன்று கார்டுகளுக்கு ஆட்டோ-ஃபிட்டுடன் (இடத்துக்கேற்ப எத்தனை பத்தி என்று பிரவுசரே முடிவு செய்யும்) மின்மேக்ஸ்: குறைந்தது 320 பிக்சல், அதிகபட்சம் 1 எஃப்ஆர். இருபுறமும் 24 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி). கணினியில் சரியாக இருக்கிறது, 360 பிக்சல் அகலப் போனில் பக்கவாட்டு ஸ்க்ரோல் வருகிறது. பாடிக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிடன் (பக்கவாட்டில் வெளியே போவதை மறைப்பது) கொடுத்துவிடலாமா?

மறுமொழி 1
வேண்டாம். வெளியே போன எழுத்து வெட்டுப்படும், வாசிப்பவருக்கு அதைப் பார்க்க வழியே இருக்காது.

கணக்கைப் பாருங்கள்: 360-இல் 48 போனால் 312. கார்டு 320-க்குக் கீழே சுருங்காது, 8 பிக்சல் வெளியே நிற்கிறது. மின்மேக்ஸின் முதல் மதிப்பாக மின் ஃபங்ஷனைப் போட்டு, அதற்குள் 100 சதவீதம், 320 பிக்சல் இரண்டையும் கொடுங்கள். எது சிறியதோ அதை பிரவுசர் எடுத்துக்கொள்ளும். இதற்கு மீடியா குவெரி (திரை அகலத்துக்கேற்ற தனி விதி) தேவையில்லை.

மறுமொழி 2
கார்டு பாதிக் காரணம்தான். 1 எஃப்ஆர் என்பதன் உண்மையான பொருள் மின்மேக்ஸ் ஆட்டோ, 1 எஃப்ஆர். அந்த ஆட்டோ, பத்தியிலுள்ள மிக நீளமான சொல்லைவிடக் குறுகாது. ‘ஒருங்கிணைக்கப்பட்டிருக்கின்றன’ போல ஒரு சொல் தலைப்பில் வந்தால் பத்தியே விரிந்துவிடும். தமிழில் இது அடிக்கடி நடக்கும்.

முதலில் போனுக்கு ஒரே பத்தியாக எழுதுங்கள், 48 ரெம் (1 ரெம் என்பது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு) அகலத்துக்கு மேல் இரண்டாக்குங்கள். இரண்டிலும் மின்மேக்ஸ் 0, 1 எஃப்ஆர். தலைப்புக்கு ஓவர்ஃப்ளோ-ராப் எனிவேர் கொடுங்கள், இடம் போதாத நீளமான சொல்லை அது உடைக்கும். வெறும் 1 எஃப்ஆரோடு பிரேக்-வேர்ட் போதாது, குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது பிரவுசர் அதைப் பொருட்படுத்தாது. படத்துக்கு மேக்ஸ்-விட்த் 100 சதவீதம், ஹைட் ஆட்டோ.

எழுத்தளவுக்கு கிளாம்ப் (குறைந்தது, விரும்புவது, அதிகபட்சம்): 1.75 ரெம், 1 ரெம் கூட்டல் 4 விடபிள்யூ (திரை அகலத்தில் 4 சதவீதம்), 3.5 ரெம். லைன்-ஹைட்டை (வரி உயரம்) 1.4-க்குக் குறைக்காதீர்கள். மேல் வரியின் ‘கூ’வின் வாலும் கீழ் வரியின் ‘கீ’யின் கொக்கியும் முட்டிக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்
ஸ்க்ரோல் போய்விட்டது, நன்றி! ஆனால் முகப்புக்கு ஹைட் 100 விஹெச் (திரை உயரம் முழுவதும்) கொடுத்திருக்கிறேன், போனில் பட்டன் திரைக்குக் கீழே போய்விடுகிறது.

மறுமொழி 3
முகவரிப் பட்டை மறைந்த நிலையில் உள்ள உயரத்தைத்தான் போன் பிரவுசர் 100 விஹெச் என்று எடுக்கிறது. பக்கம் திறக்கும்போது பட்டை இருக்கும், அந்த அளவு பட்டன் கீழே தள்ளப்படும். மின்-ஹைட் 100 விஹெச் என ஒரு வரி, அடுத்த வரியில் மின்-ஹைட் 100 எஸ்விஹெச் (பட்டை தெரியும்போது உள்ள உயரம்). குரோம் 108, சஃபாரி 15.4 முதல் இரண்டாவது வரி வேலை செய்யும். பழையவை முதல் வரியோடு நின்றுவிடும். வெறும் ஹைட் வேண்டாம், எழுத்து பெருத்தால் அடுத்த பகுதியின் மேல் வழியும்.

இனி எங்காவது நகர்ந்தால் எல்லா எலிமென்ட்டுக்கும் 1 பிக்சல் சிவப்பு அவுட்லைன் போட்டுப் பாருங்கள். பார்டர் இடம் பிடித்து அளவை மாற்றலாம், அவுட்லைன் மாற்றாது.