போஸ்ட்ஃபிக்ஸ் கியூவில் 18,000 மெயில்: உண்மையான இன்வாய்ஸ்களை இழக்காமல் எப்படித் துப்புரவாக்குவது?

வெள்ளவத்தை அட்மின்:

வணக்கம். கொழும்பில் ஓர் இறக்குமதி நிறுவனத்தின் மெயில் சேர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு 22.04, மெயிலை ஏற்று அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் 3.6, பெட்டிகளையும் லொகினையும் கவனிக்கும் டவ்கொட். நேற்றிரவு முதல் வெளியே போகும் மெயில் எல்லாம் தாமதமாகிறது. கியூவை (அனுப்பக் காத்திருக்கும் மெயில் வரிசை) பட்டியலிடும் போஸ்ட்கியூ -பி கொடுத்தால் கடைசி வரியில் 18,000க்கு மேல் காட்டுகிறது. பாதிக்கு மேல் ஜிமெயில் முகவரிகள். அவற்றில் பிழை 421 4.7.28, அதாவது எங்கள் ஐபியிலிருந்து வேண்டாத மெயில் அளவுக்கு மீறி வருகிறதாம். மற்றவற்றில் "கனெக்‌ஷன் டைம்ட் அவுட்".

மாதக் கடைசி என்பதால் கணக்குப் பிரிவின் இன்வாய்ஸ்களும் சம்பளச் சீட்டுகளும் அதே கியூவில் அகப்பட்டிருக்கின்றன. போஸ்ட்கியூ -எஃப் கொடுத்துத் தள்ளிப் பார்த்தோம், நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப அனுப்பச் சொல்லலாம் என்கிறது மேலிடம். அழிக்காமல் பிரித்தெடுக்க வழி உண்டா?

தெஹிவளை ரூட்:

அவசரமென்றால் போஸ்ட்சூப்பர் -டி ஆல் டிஃபர்ட் (டிஃபர்ட் என்பது தோற்று, மறு முயற்சிக்குக் காத்திருக்கும் மெயில்). ஒரு நிமிடத்தில் கியூ காலியாகிவிடும். பிறகு கணக்குப் பிரிவை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். 18,000இல் இன்வாய்ஸ் எத்தனை இருக்கப்போகிறது, நூறு இருக்குமா?

கடலோரப் பாதை:

அந்தக் கொமாண்டை இப்போது தொட வேண்டாம், தம்பி. இரண்டு காரணம். யார் எதை யாருக்கு அனுப்பினார்கள் என்ற தடயமே கியூவில்தான் இருக்கிறது. அடுத்தது, யாரோ உங்கள் சேர்வர் வழியாக ஸ்பாம் அனுப்புகிறார்கள், அது உள்ளே வரும் வழியை அடைக்காமல் கியூவைக் காலியாக்கினால் அரை மணி நேரத்தில் திரும்ப நிரம்பிவிடும். போஸ்ட்சூப்பர் அழித்ததை மீட்க வழியும் இல்லை, அனுப்பியவருக்கு அறிவித்தலும் போகாது. இன்வாய்ஸ் போகவில்லை என்பதே கணக்குப் பிரிவுக்குத் தெரியவராது.

-எஃப் கொடுத்ததால் ஏன் மோசமானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோற்ற மெயிலை போஸ்ட்ஃபிக்ஸ் உடனே திரும்ப முயலாது. அந்த மெயிலின் வயது எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு நேரம் காத்திருக்கும். குறைந்தது 300 செக்கன், கூடியது 4,000 செக்கன். -எஃப் இந்தக் காத்திருப்பை ரத்துச்செய்து டிஃபர்ட்டில் உள்ள அத்தனையையும் அக்டிவ் கியூவுக்குள், அதாவது இப்போதே அனுப்பப்படும் வரிசைக்குள், தள்ளுகிறது. அக்டிவ் கியூவின் எல்லை 20,000 மெயில். நீங்கள் அதை ஸ்பாமாலேயே நிரப்பிவிட்டீர்கள். புதிதாக வந்த நல்ல மெயில் இன்கமிங்கில் வாசலில் நிற்கிறது. ஜிமெயிலும் அதே ஐபியிலிருந்து திரும்பத் திரும்பத் தட்டுவதைப் பார்த்துத் தடையை நீடிக்கிறது.

முதலில் வெளியே போவதை மட்டும் நிறுத்துங்கள். சேர்வரை மூட வேண்டாம்.

போஸ்ட்கொன்ஃப் -இ 'டிஃபர்_டிரான்ஸ்போர்ட்ஸ் = எஸ்எம்டிபி'
போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட்

இதற்குப் பின்னும் மெயில் ஏற்கப்படும். உள்ளூர்ப் பெட்டிகளுக்கான விநியோகம் எல்எம்டிபி வழியென்றால் அதுவும் நடக்கும். வெளியே போவது மட்டும் டிஃபர்ட்டில் நிற்கும். இப்போது ஆறுதலாகப் பார்க்கலாம்.

அடுத்து கியூஷேப், கியூவில் எது எவ்வளவு கிடக்கிறது என்று எண்ணிக் காட்டும் கருவி. உபுண்டுவில் போஸ்ட்ஃபிக்ஸ் பொதியோடு வரும். ரெட்ஹட் வகையில் பேர்ல் ஸ்கிரிப்ட் பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். "கியூஷேப் டிஃபர்ட்" பெறுநர் டொமைன் வாரியாகக் காட்டும், "கியூஷேப் -எஸ் டிஃபர்ட்" அனுப்புநர் டொமைன் வாரியாக. மேலே ஓடும் 5, 10, 20, 40 என்ற தலைப்புகள் மெயிலின் வயது, நிமிடத்தில். எண்கள் இடப்பக்க நிரல்களில் குவிந்தால் ஸ்பாம் இந்தக் கணமும் உள்ளே வருகிறது. வலப்பக்கம் குவிந்தால் வரவு நின்றுவிட்டது, பழையது தேங்கிக் கிடக்கிறது. அந்த வெளியீட்டை இங்கே போடுங்கள், முகவரிகளை மறைத்துவிட்டு.

டைம்ட் அவுட் பற்றி இப்போது அதிகம் யோசிக்க வேண்டாம். ஸ்பாம் பட்டியல்களில் செத்துப்போன டொமைன்கள் நிறைய இருக்கும், அவற்றின் சேர்வர்கள் பதில் சொல்லாது. ஜிமெயில் உங்களுக்குப் பதில் சொல்கிறதே, ஆகவே 25ஆம் போர்ட் திறந்துதான் இருக்கிறது.

வெள்ளவத்தை அட்மின்:

நன்றி அண்ணா. நிறுத்திவிட்டேன். கியூஷேப்பில் இடப்பக்கம்தான் கூடுதல். லொக்கில் எஸ்ஏஎஸ்எல்_யூசர்நேம் (லொகின் பெயர்) என்று தேடி எண்ணிப் பார்த்ததில் ஒரே ஒரு அக்கவுண்ட் 16,000க்கு மேல். ஆனால் கியூவில் அனுப்புநர் முகவரி அந்த அக்கவுண்ட் இல்லை, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு முகவரி. மெய்லர்-டெமன் பெயரிலும் ஆயிரத்துக்கு மேல் கிடக்கிறது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், இன்னும் வந்துகொண்டே இருக்கிறது!

கொட்டாஞ்சேனை ஸ்பூல்:

பாஸ்வேர்டை மாற்றினால் புதிய லொகின்தான் தடைப்படும். ஏற்கெனவே லொகின் செய்து திறந்து வைத்திருக்கும் எஸ்எம்டிபி இணைப்புக்கு அது தெரியாது. இணைப்பு அறும்வரை மெயிலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ரீலோட் கொடுத்தாலும் மெயிலை ஏற்கும் எஸ்எம்டிபிடி புரொசஸ் தன் கையிலுள்ள வாடிக்கையாளரை முடித்த பிறகுதான் விலகும். அதனால் அந்த ஐபிகளின் எஸ்எம்டிபிடி புரொசஸ்களை நேரடியாகக் கொல்லுங்கோ. எத்தனை ஐபி என்றே தெரியாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் ஸ்டொப், பிறகு ஸ்டார்ட். கியூ டிஸ்கில் இருக்கிறது, ஒன்றும் அழியாது.

டவ்கொட்டில் ஓத் கேஷ் (லொகின் விபரத்தைச் சற்று நேரம் நினைவில் வைப்பது) இயக்கியிருந்தால் பழைய பாஸ்வேர்டும் கொஞ்ச நேரம் செல்லுபடியாகலாம். "டவ்அட்ம் ஓத் கேஷ் ஃப்ளஷ்" கொடுத்து அக்கவுண்ட் பெயரையும் சேருங்கோ. ஐமாப் இணைப்புகளுக்கு "டவ்அட்ம் கிக்".

நேரத்தையும் கவனியுங்கோ. சேர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடினால் லொக் நேரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். கொழும்பில் அதிகாலை 2.10க்குத் தொடங்கிய தாக்குதல் லொக்கில் முதல் நாள் 20.40 என்று நிற்கும். "நேற்றிரவு முதல்" என்று நீங்கள் எழுதியது எந்தக் கடிகாரத்தில்?

கடலோரப் பாதை:

அனுப்புநர் முகவரி மாறி மாறி வருவது வழக்கம்தான், அதை வைத்துப் பிரிக்க முடியாது. நம்பத்தக்கது லொகின் பெயர். ஒரு மெயிலை எடுத்து உறுதிப்படுத்துங்கள்: போஸ்ட்கட் -இ -கியூ, பின்னால் கியூ ஐடி. என்வலப் பதிவில் (போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலோடு வைக்கும் அனுப்பல் விபரம்) எஸ்ஏஎஸ்எல்_யூசர்நேம் என்ற வரி இருக்கும். மெயிலின் தலைப்பில் தேடினால் கிடைக்காது, அதைத் தலைப்பில் எழுதும் அமைப்பு இயல்பாக அணைந்தே இருக்கும்.

அந்த வரி இல்லாமல், தலைப்பில் "ஃப்ரொம் யூசர்ஐடி 33" என்று ரிசீவ்ட் வரி இருந்தால் கதை வேறு. அது இணையத்தள ஃபோமிலிருந்து வந்தது, உபுண்டுவில் 33 என்பது வெப் சேர்வரின் பயனர் எண். உங்களுடையது அப்படித் தெரியவில்லை, ஆனாலும் இரண்டு மூன்றைப் பிரித்துப் பாருங்கள்.

இப்போது பிரிப்பது. எடுத்த எடுப்பில் அழிக்காதீர்கள். ஸ்பாமை ஹோல்ட் கியூவுக்கு நகர்த்துங்கள். அங்கே போனது தானாக வெளியேறாது, காலாவதியும் ஆகாது. பட்டியலில் நல்ல மெயில் ஒன்று தவறி விழுந்தாலும் திரும்ப எடுக்கலாம். நகர்த்துவது கோப்பின் இடத்தை மாற்றுவது மட்டுமே என்பதால் 16,000 என்றாலும் விரைவாக முடியும்.

லொக்கில் லொகின் பெயர் வரும் அதே வரியில் கியூ ஐடியும் இருக்கிறது. கிரெப் மூலம் அந்த வரிகளை எடுத்து, ஐடியை மட்டும் வெட்டி, /ரூட்/ஸ்பாம்.லிஸ்ட் என்ற கோப்பில் இடுங்கள். அதைத் திறந்து மேலும் கீழும் நடுவிலும் பாருங்கள். பிறகு:

போஸ்ட்சூப்பர் -எச் - < /ரூட்/ஸ்பாம்.லிஸ்ட்

இங்கே எச் சின்ன எழுத்து. பெரிய எழுத்தில் கொடுத்தால் ஹோல்டிலிருந்து விடுவித்துவிடும், நேர் எதிர் வேலை. தனியே நிற்கும் கோடு, ஐடிகளை உள்ளீட்டிலிருந்து படி என்று சொல்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

நகர்த்துவதற்கு முன் மூன்று விடயம் பார்க்க வேண்டும்.

ஹோல்ட் கியூ காலியா என்று பாருங்கள். போஸ்ட்கியூ -பி வெளியீட்டில் ஐடிக்குப் பின்னால் ஆச்சரியக்குறி இருந்தால் ஹோல்ட், நட்சத்திரம் இருந்தால் அக்டிவ். மெய்ல்ஸ்கானர் போன்றவை ஹோல்டைத் தம் வேலைக்கே பயன்படுத்தும். அப்படியான சேர்வரில் இந்த வழியைக் கையாளக் கூடாது.

ஐடியின் நீளத்தைப் பாருங்கள். பத்து, பதினொரு எழுத்தளவிலான குறுகிய ஐடி என்றால், ஒரு மெயில் போனபின் அதே ஐடி வேறொரு மெயிலுக்குத் திரும்ப வரலாம். நேற்றைய லொக்கில் ஸ்பாமின் ஐடியாக இருந்தது இன்று ஓர் இன்வாய்ஸின் ஐடியாக இருக்கலாம். 'எனேபிள்_லோங்_கியூ_ஐடிஸ் = யெஸ்' இருந்தால் இந்த ஆபத்து இல்லை. இல்லையென்றால் லொக்கிலிருந்து எடுத்த பட்டியலை நேரே கொடுக்காமல், கியூவில் இப்போதுள்ள வருகை நேரத்தோடு ஒப்பிடுங்கள். போஸ்ட்கியூ -ஜே, ஜேசனாகத் தரும். அதில் அரைவல்_டைம் யூனிக்ஸ் செக்கனில் இருப்பதால் நேர வலயக் குழப்பமும் இல்லை.

மூன்றாவது, அமாவிஸ் போன்ற வடிகட்டி இடையில் இருந்தால் மெயில் திரும்ப உள்ளே வரும்போது ஐடி மாறிவிடும். அப்போது லொக்கில் "கியூட் அஸ்" என்று பின்னால் வரும் ஐடியைத்தான் எடுக்க வேண்டும்.

மெய்லர்-டெமன் மெயில்கள் பவுன்ஸ்கள், அதாவது மெயில் போய்ச் சேரவில்லை என்ற அறிவித்தல்கள். ஸ்பாமின் போலி அனுப்புநருக்குத் திரும்பிப் போக முயல்பவை; வெளியே விட்டால் சம்பந்தமில்லாதவர்களின் பெட்டியில் விழுந்து உங்கள் ஐபியின் பெயர் இன்னும் கெடும். இவற்றை அனுப்புநர் பெயராலேயே பிடிக்கலாம்:

போஸ்ட்கியூ -ஜே | ஜேகியூ -ஆர் 'செலக்ட்(.சென்டர்=="மெய்லர்-டெமன்") | .கியூ_ஐடி' | போஸ்ட்சூப்பர் -எச் -

பெயர் முழுவதும் பெரிய எழுத்தில். உண்மையான பவுன்ஸ் சிலவும் இதில் அகப்படும், ஹோல்டில் வைத்துப் பெறுநரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

தெஹிவளை ரூட்:

ஹோல்ட் வழி நல்லது, ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஸ்பாம் கோப்புகள் சின்னச் சின்னவை, டிஸ்கில் இடம் இருக்கும்போதே ஐநோட் (கோப்புக்கு ஒன்றாக ஒதுக்கப்படும் பதிவு) தீர்ந்துபோகலாம். டிஎஃப் -எச் மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல் டிஎஃப் -ஐ கொடுத்தும் பாருங்கள். இடம் உண்மையிலேயே குறைந்தால், மெசேஜ் அளவின் உச்ச எல்லையைப் போல ஒன்றரை மடங்கு இடம் இல்லாதபோது போஸ்ட்ஃபிக்ஸ் புதிய மெயிலை 452 4.3.1 என்று மறுக்கத் தொடங்கும். அந்தக் கட்டம் வந்தால் மட்டும் ஹோல்டில் உள்ள ஸ்பாமை உடனே அழியுங்கள். /வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸுக்குள் போய் ஆர்எம் கொடுக்காதீர்கள், எவ்வளவு அவசரமானாலும்.

வெள்ளவத்தை அட்மின்:

போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தித் தொடங்கியதும் வரவு நின்றது. குறுகிய ஐடிதான், நேரத்தோடு ஒப்பிட்டுத்தான் நகர்த்தினேன். டிஃபர்ட்டில் இப்போது 212 மெயில், எல்லாம் எங்களுடையவை. டிஃபர்_டிரான்ஸ்போர்ட்ஸை எடுத்தால் ஜிமெயில் ஏற்குமா?

கடலோரப் பாதை:

போஸ்ட்கொன்ஃப் -எக்ஸ் டிஃபர்_டிரான்ஸ்போர்ட்ஸ் (எக்ஸ் பெரிய எழுத்து), பிறகு ரீலோட். -எஃப் கொடுக்க வேண்டாம். அவசரமான சம்பளச் சீட்டு இருந்தால் அதன் ஐடியை மட்டும் போஸ்ட்கியூ -ஐ என்று கொடுங்கள்.

421 தற்காலிக மறுப்பு. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் முயலும், அதற்குள் தடை தளர வாய்ப்பு அதிகம். ஜிமெயிலுக்கு மட்டும் மெதுவான வழி ஒன்று வைத்தால் இன்னும் நல்லது. மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் எஸ்எம்டிபி யூனிக்ஸ் வரியைப் பிரதியெடுத்து 'ஸ்லோ' என்று பெயரிடுங்கள், மெயின்.சிஎஃப் கோப்பில் 'ஸ்லோ_டெஸ்டினேஷன்_கன்கரன்சி_லிமிட் = 2'; டிரான்ஸ்போர்ட் அட்டவணையில் ஜிமெயில் டொமைனுக்கு 'ஸ்லோ:' என்று காட்டி போஸ்ட்மப் ஓட்டுங்கள். இயல்பான எல்லை 20 இணைப்பு, தடை இருக்கும்போது அது மிக அதிகம். கியூவில் ஏற்கெனவே உள்ள மெயிலும் அடுத்த முயற்சியில் புதிய வழியையே எடுக்கும், ரீகியூ தேவையில்லை.

கொட்டாஞ்சேனை ஸ்பூல்:

திரும்ப நடக்காமல் இருக்க: 'ரிஜெக்ட்_சென்டர்_லொகின்_மிஸ்மட்ச்' போட்டு, 'எஸ்எம்டிபிடி_சென்டர்_லொகின்_மப்ஸ்' அட்டவணையையும் கொடுங்கோ. ஒரு அக்கவுண்ட் இன்னொருவர் முகவரியில் அனுப்புவது அதோடு நிற்கும்.

பலர் 'எஸ்எம்டிபிடி_கிளையண்ட்_மெசேஜ்_ரேட்_லிமிட்' போடச் சொல்வார்கள். அது ஐபி வாரியாக எண்ணுவது. ஒஃபிஸ் முழுவதும் ஒரே இணைப்பின் பின்னால் இருப்பதால் உங்கள் ஊழியர்கள்தான் முதலில் அடைபடுவார்கள். தாக்குபவர் நூறு ஐபியில் வந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. லொகின் வாரியாக எண்ண வேண்டும், ஸ்பாம் வடிகட்டியான ஆர்ஸ்பாம்டியின் ரேட்லிமிட் மொடியூல் அதைச் செய்யும்.

லோங் ஐடியையும் இன்றே போட்டுவிடுங்கோ.

வெள்ளவத்தை அட்மின்:

செய்கிறேன். கடைசியாக ஒன்று: ஹோல்டில் தவறிப்போன எங்கள் மெயில் எதையாவது அடுத்த வாரம் கண்டுபிடித்தால் பெரிய எச் கொடுத்து விடுவித்தால் போதுமா?

கடலோரப் பாதை:

ஓரிரு மணி நேரம் கிடந்ததென்றால் போதும். நாட்கணக்கில் கிடந்ததற்கு வேண்டாம். ஹோல்டில் இருக்கும்வரைதான் காலாவதி இல்லை. வெளியே வந்ததும் வயது முதலில் வந்த நேரத்திலிருந்து எண்ணப்படும். 5 நாளைத் தாண்டியிருந்தால், முதல் முயற்சியில் ஜிமெயில் 421 சொன்னவுடன் பவுன்ஸ் ஆகிவிடும். அப்படிப்பட்டதற்கு போஸ்ட்சூப்பர் -ஆர், பின்னால் ஐடி. புதிய ஐடியோடு புதிய மெயிலாகவே கியூவில் சேரும், முழு 5 நாளும் கிடைக்கும்.

மீதியைப் பார்த்து முடித்த பிறகு போஸ்ட்சூப்பர் -டி ஆல் ஹோல்ட். கடைசிச் சொல்லை மறக்காமல் அடியுங்கள், அது இல்லாவிட்டால் எல்லாக் கியூவும் போய்விடும்.